ஆங்கிலச் செயப்பாட்டு வினையின் வரலாற்றில் மூவிடப்பெயர்களும் முன்னிடைச்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலச் செயப்பாட்டு வினை செய்வினைத் தொடரிலிருந்து இடமாற்றத்தால் பெறப்படும் வடிவம் என்றே இலக்கண வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. அத்தொடரில் எழுவாயாக வரும் மூவிடப்பெயருக்கும் வினைமுதலைக் குறிக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் தனித்தனி வரலாறு உண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பழைய ஆங்கிலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான மாற்றங்கள் ஆராயப்படுகின்றன. தமிழின் நான்காம், மூன்றாம் வேற்றுமைகளோடு ஒப்புநோக்கத்தக்க இடங்கள் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செயப்பாட்டு வினை, மூவிடப்பெயர், முன்னிடைச்சொல், வினைமுதல், பழைய ஆங்கிலம், நான்காம் வேற்றுமை.

முன்னுரை

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள நார்த் பெதர்டன் என்னும் ஊரருகே 1693ஆம் ஆண்டு ஓர் அணிகலன் கண்டெடுக்கப்பட்டது. பொன்னும் பளிங்கும் வண்ணப் பற்சாயமும் கொண்டு செய்யப்பட்ட அச்சிறு பொருள், ‘ஆல்ஃபிரட் அணி’ என்னும் பெயரில் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் விளிம்பைச் சுற்றிப் பொன்னில் வெட்டப்பட்ட நான்கே சொற்களில் அணியே தன்மையிடத்தில் பேசுகிறது; ஆல்ஃபிரட் தன்னைச் செய்யுமாறு பணித்தான் என்பது அதன் பொருள். 871 முதல் 899 வரை வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னனே அவன் என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து.

அவ்வாசகத்தில் மன்னன் இருக்கிறான், அணி இருக்கிறது, பொற்கொல்லன் இல்லை. ஆனால் பொற்கொல்லனை மறைத்தது செயப்பாட்டு வினையன்று. ‘செய்ய’ என்னும் பொருளுடைய வினை அங்கே செய்வினை வடிவிலேயே நிற்கிறது. இதனை இன்றைய ஆங்கிலத்தில் பெயர்ப்போர் ‘டு பி மேட்’ என்று செயப்பாட்டு வடிவத்தைக் கொண்டுவந்தே தீர வேண்டும்; ஆல்ஃபிரட் காலத்து ஆங்கிலத்திற்கு அத்தேவை எழவில்லை. தமிழுக்கும் எழவில்லை. ‘என்னைச் செய்யப் பணித்தான்’ என்றால் போதும். கொல்லன் பெயர் கேட்பவர் எவருமில்லை.

செய்தவரைச் சொல்லாமல் விடும் வசதிக்காகவே செயப்பாட்டு வினை தோன்றியது என்ற எளிய விளக்கத்தை இந்தச் சிறு சான்று ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. செய்தவரை விட்டுவிடப் பழைய ஆங்கிலத்திற்கு வேறு வழிகள் இருந்தன. அவ்வழிகள் அடைபட்ட பின்னரே செயப்பாட்டு வினையின் ஆட்சி பெருகியது.

வகுப்பறை விதியும் வழக்கும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்படும் ரென், மார்ட்டின் இலக்கண நூலின் வழிப்பட்ட பாடம் எளிமையானது. செயப்படுபொருளை முன்னே கொணர்க. எழுவாயைப் பின்னே தள்ளி அதற்கு முன் ‘பை’ சேர்க்க. ‘ஹி’ என்பதை ‘ஹிம்’ ஆக்குக. வினைக்குத் துணைவினை கூட்டுக. இந்த நான்கு படிகளையும் பிழையின்றிச் செய்யும் மாணவர் முழு மதிப்பெண் பெறுவார். ஆனால் அவர் எழுதும் ‘எ லெட்டர் வாஸ் ரிட்டன் பை மீ’ போன்ற தொடரை ஆங்கிலம் பேசுவோர் வாயிலிருந்து கேட்பது அரிது.

டென்மார்க்கு மொழியியலார் ஓட்டோ எஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட ‘இலக்கணத்தின் தத்துவம்’ என்னும் நூலிலேயே, ஆங்கில எழுத்து வழக்கில் வரும் செயப்பாட்டுத் தொடர்களுள் 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை வினைமுதலைக் குறிப்பிடுவதே இல்லை என்று எடுத்துக்காட்டினார். பின்வந்த தொகுப்பாய்வுகளும் ஐந்தில் நான்கு தொடர்கள் ‘பை’ இல்லாதவை என்ற கணக்கையே ஒட்டி வருகின்றன. ஐந்தில் ஒன்றாக வருவதை இயல்பான முழுவடிவம் என்றும், ஐந்தில் நான்காக வருவதை அதன் குறைவடிவம் என்றும் கற்பிப்பது தலைகீழ்ப் பாடமாகும்.

‘பை’ வரும் இடங்களிலும் அதன்பின் ‘மீ’, ‘ஹிம்’ போன்ற மூவிடப்பெயர்கள் அருகியே வருகின்றன. காரணம் வெளிப்படை. கேட்பவர் முன்னரே அறிந்த ஒன்றைத்தான் மூவிடப்பெயர் குறிக்கும். அறிந்ததைத் தொடரின் தொடக்கத்திலும் புதியதை இறுதியிலும் வைப்பது ஆங்கிலத்தின் போக்கு. பிராகா மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த விலெம் மத்தேசியஸ் 1929இல் இதனை விளக்கி, ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை மிகுந்திருப்பதற்கே இப்போக்கைக் காரணமாகக் காட்டினார். செக் மொழியில் சொற்களை வேண்டியவாறு இடம் மாற்றலாம். தமிழிலும் ‘கடிதத்தை எழுதியவன் முருகன்’ என்றோ ‘கடிதத்தை முருகன் எழுதினான்’ என்றோ அமைக்கலாம். சொல்வரிசை இறுகிப்போன ஆங்கிலமோ செயப்படுபொருளை முன்னே கொணர வினையின் வடிவத்தையே மாற்ற வேண்டியுள்ளது. ஆகவே மூவிடப்பெயரின் இயற்கையான இருக்கை செயப்பாட்டுத் தொடரின் தலைப்பகுதி. ‘பை’யின் பின்னிடம் அதற்கு அயலிடம்.

இரண்டு துணைவினைகளும் ஓர் இழப்பும்

பழைய ஆங்கிலத்தில் செயப்பாட்டுப் பொருளை உணர்த்த இரண்டு துணைவினைகள் இருந்தன. ‘இரு’ என்னும் பொருளுடைய ‘வெசன்’ ஒன்று; ‘ஆகு’ என்னும் பொருளுடைய ‘வெயோர்தன்’ மற்றொன்று. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்புகளில் போரில் வீழ்ந்தோரைப் பற்றிப் பேசும் இடங்களில் இவ்விரண்டும் வருகின்றன. எச்சவடிவம் பெயரடை போல எழுவாயின் எண்ணுக்கேற்ப விகுதி ஏற்பதும் உண்டு.

‘வெயோர்தன்’ இடைக்கால ஆங்கிலத்தில் தேய்ந்து மறைந்தது. அதன் உறவுச்சொல்லான ‘வேர்டன்’ ஜெர்மானியத்தில் இன்றும் செயப்பாட்டுத் துணைவினையாக நிலைத்திருக்கிறது. இந்த இழப்பால் ‘தி டோர் இஸ் ஷட்’ என்னும் ஆங்கிலத் தொடர் ‘கதவு மூடியிருக்கிறது’ என்ற நிலையையும் ‘கதவு மூடப்படுகிறது’ என்ற நிகழ்ச்சியையும் ஒருங்கே சுமக்க வேண்டியதாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் தலைகாட்டிய ‘கெட்’ என்னும் துணைவினை இந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியை நிரப்புகிறது எனலாம். ‘ஹி காட் கில்ட்’ என்றால் நிகழ்ச்சி மட்டுமே பொருள், நிலையன்று. ஆயினும் அது பேச்சுவழக்கின் எல்லையைத் தாண்டி முறைசார் எழுத்தில் முழு மதிப்புப் பெறவில்லை.

மறைந்த பெயரும் மாறிய வேற்றுமையும்

பழைய ஆங்கிலத்தில் ‘மன்’ என்னும் பொதுப்பெயர் ஒன்று வழங்கியது. ‘யாரோ ஒருவர்’, ‘மக்கள்’ என்னும் பொருளில் எழுவாயாக வரும் அது, ஜெர்மானியத்தில் ‘மன்’ எனவும் பிரெஞ்சில் ‘ஓன்’ எனவும் இன்றும் நாள்தோறும் வழங்கும் பெயர்களுக்கு நிகரானது. ‘அவனைப் புதைத்தனர்’ என்று செய்தவரைச் சுட்டாமல் சொல்ல அப்பெயரே போதுமானதாயிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் முடிவில் அது வழக்கிறந்தது. இன்றைய ‘ஒன்’ என்னும் சொல் அதற்கு ஈடாகவில்லை; அதில் ஒருவகைப் பெரிய இடத்துத் தோரணை ஒட்டிக்கொண்டுள்ளது. ‘தே’, ‘யூ’ ஆகியவை பேச்சில் ஓரளவு கைகொடுக்கின்றன. ‘மன்’ மறைந்ததற்கும் செயப்பாட்டு வினை பெருகியதற்கும் தொடர்பு உண்டெனப் பல மொழியியலார் கருதுகின்றனர். தமிழில் ‘என்பர்’, ‘என்மனார்’ என்று பலர்பால் முற்றே வினைமுதலைப் பொதுவாக்கிவிடும் வசதி இருப்பதனால், ‘படு’ துணைவினையின் மீது இவ்வளவு சுமை விழவில்லை என்பது ஒப்பிடத்தக்கது.

மூவிடப்பெயர்களின் வரலாற்றில் மிக விரிவாக நோக்கத்தக்கது நான்காம் வேற்றுமை எழுவாயாக மாறிய நிகழ்ச்சியாகும். பழைய ஆங்கிலத்தில் இரண்டாம் வேற்றுமைச் செயப்படுபொருள் மட்டுமே செயப்பாட்டுத் தொடரின் எழுவாயாக இயலும். ‘உதவு’ போன்ற வினைகளின் நான்காம் வேற்றுமைப் பெயரும், ‘கொடு’ போன்ற வினைகளில் கொள்வோரைக் குறிக்கும் பெயரும் தத்தம் வேற்றுமையை விடாமல் நின்றன. ‘ஹிம்’ என்று தொடங்கும் தொடரில் வினை படர்க்கை ஒருமையில் நிற்கும். ‘அவனுக்கு உதவப்பட்டது’ என்பதன் நேர்நிலை அது. ஜெர்மானியமும் ஐஸ்லாந்தியமும் இன்றும் இந்நெறியில்தான் உள்ளன. தமிழும் அவ்வாறே. ‘அவனுக்கு ஒரு நூல் கொடுக்கப்பட்டது’ என்பது தமிழ். ‘அவன் ஒரு நூல் கொடுக்கப்பட்டான்’ என்பது தமிழாகாது. இன்றைய ஆங்கிலமோ ‘ஹி வாஸ் கிவன் எ புக்’ என்பதைத் தயக்கமின்றி ஏற்கிறது. பழைய ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் இவ்விடத்தில் உள்ள நெருக்கம், பழைய ஆங்கிலத்திற்கும் இன்றைய ஆங்கிலத்திற்கும் இடையே இல்லை.

மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? பெயர்ச்சொற்களின் வேற்றுமை விகுதிகள் இடைக்காலத்தில் உதிர்ந்தன. ‘தி கிங்’ என்னும் சொல் எழுவாயா, நான்காம் வேற்றுமையா என்பதை வடிவம் காட்டவில்லை. படர்க்கை ஆண்பாலில் இரண்டாம் வேற்றுமைக்குரிய ‘ஹினே’ மறைந்து, நான்காம் வேற்றுமைக்குரிய ‘ஹிம்’ அவ்விடத்தையும் எடுத்துக்கொண்டது. ஆல்ஃபிரட் அணியில் காணப்படும் ‘மெக்’ என்னும் தன்மை இரண்டாம் வேற்றுமை வடிவம் அக்காலத்து வெசெக்ஸ் உரைநடையிலேயே அருகிப்போய், நான்காம் வேற்றுமைக்குரிய ‘மே’ பெருவழக்காகியிருந்தது. அரசனையும் பேரிக்காய்களையும் வைத்து எஸ்பர்சன் அமைத்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ‘அரசனுக்குப் பிடித்தன’ என்பது ‘அரசன் விரும்பினான்’ எனப் பிறழ உணரப்பட்ட விதத்தை விளக்குவது. அதே விளக்கம் செயப்பாட்டுத் தொடருக்கும் நீட்டிக்கப்பட்டது. முன்னிற்கும் பெயரைக் கேட்போர் எழுவாயாகக் கொண்டனர். பிறகு அவ்விடத்தில் ‘ஹிம்’ போய் ‘ஹி’ வந்தது என்பதே அவ்விளக்கம்.

இவ்விளக்கத்தைச் சிந்தியா ஆலன் 1995இல் வெளியிட்ட விரிவான ஆய்வு மறுத்தது. விகுதிகள் மறைந்ததும் மயக்கம் ஏற்பட்டதும்தான் காரணம் என்றால், மாற்றம் அவற்றின் பின் விரைந்து தோன்றியிருக்க வேண்டும். ஐயத்திற்கிடமின்றி எழுவாய் வடிவில் கொள்வோர் வரும் தொடர்களோ 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைக்கின்றன. இடையில் நெடிய இடைவெளி உள்ளது. ஆலனின் கருத்துப்படி, செய்வினைத் தொடரில் வினையை அடுத்துக் கொள்வோர், அதன்பின் கொடுபொருள் என்னும் வரிசை நிலைபெற்றதே திருப்புமுனையாகும். வினையை ஒட்டி நிற்கும் பெயரே நேர்ச் செயப்படுபொருள் என்னும் உணர்வு உறுதிப்பட்டது. அவ்விடத்தில் கொள்வோர் அமர்ந்தவுடன், செயப்பாட்டில் எழுவாயாகும் உரிமையும் அவருக்கு வந்தது. மயக்கக் கொள்கையைவிட இக்கொள்கை வலுவானது. கால அடைவை அதுவே விளக்குகிறது.

இந்த ஆய்வு முழுவதிலும் சான்றாவன மூவிடப்பெயர்களே என்பது கருதத்தக்கது. ‘தி கிங்’ எதையும் காட்டிக்கொடுக்காது. ‘ஐ’க்கும் ‘மீ’க்கும், ‘ஹி’க்கும் ‘ஹிம்’முக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே மாற்றம் நிகழ்ந்த காலத்தைக் குறிக்கவல்லது. சாசர் தம் பாத் நகர்ப் பெண்ணின் முகவுரையில், அவளுக்கு ஒரு செய்தி சொல்லப்பட்டதைக் கூறுமிடத்தில் ‘மீ’ என்றே எழுதுகிறார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் பழைய வேற்றுமை உயிரோடிருந்ததற்கு அது சான்று. ‘மீதிங்க்ஸ்’ என்னும் சொல்லில் அந்த ‘மீ’ பல நூற்றாண்டுகள் உறைந்து கிடந்தது. ‘யூ’ மட்டும் ஆய்வாளரைக் கைவிடுகிறது. எழுவாய்க்குரிய ‘யே’ 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் பொதுவழக்கிலிருந்து விலகியதால், ‘இஃப் யூ ப்ளீஸ்’ என்னும் தொடரில் உள்ள ‘யூ’ முன்பு நான்காம் வேற்றுமை என்பதை இன்று எவரும் உணர்வதில்லை.

‘பை’ வந்த வழி

வினைமுதலைக் குறிக்கும் முன்னிடைச்சொல்லாகப் பழைய ஆங்கிலம் பெரிதும் ‘ஃப்ரம்’ என்பதையே ஆண்டது. செயல் எங்கிருந்து புறப்படுகிறதோ அவ்விடமே வினைமுதல் என்னும் கருத்து அதன் அடிப்படை. லத்தீனின் ‘அப்’, ஜெர்மானியத்தின் ‘ஃபொன்’ ஆகியவற்றிலும் இக்கருத்தே உள்ளது. இடையீட்டாளர் வழியாக நிகழ்ந்ததைச் சொல்ல இன்றைய ‘த்ரூ’ என்பதன் மூதாதையும், கருவியைச் சொல்ல ‘மிட்’ என்னும் சொல்லும் வந்தன. பிரெஞ்சின் ‘பார்’ வழிக்கருத்தில் தோன்றியது. ஆக, செயலின் புறப்பாடு, செயல் கடந்துவரும் வழி என்னும் இருவேறு படிமங்களிலிருந்து ஐரோப்பிய மொழிகள் வினைமுதல் சொல்லைப் பெற்றுள்ளன. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு வினைமுதலையும் கருவியையும் சேர்த்தே பொருளாகக் கூறுகிறது. ‘வாளால் வெட்டப்பட்டான்’, ‘பகைவனால் வெட்டப்பட்டான்’ என இரண்டிற்கும் ஒரே ‘ஆல்’ உருபு. பழைய ஆங்கிலம் பெரிதும் பிரித்து வைத்திருந்தவற்றைத் தமிழ் ஒன்றாக வைத்திருக்கிறது.

‘பை’ என்பதன் முதற்பொருள் ‘அருகில்’ என்பதே. அது வழியையும் பின்னர் வாயிலையும் குறித்து, இறுதியில் வினைமுதலைக் குறிக்க வந்தது. பிரெஞ்சு ‘பார்’ உடனான தொடர்பு இவ்வளர்ச்சிக்குத் துணைசெய்திருக்கக்கூடும். ஆனால் அது உடனே வெற்றிபெறவில்லை. இடைக்காலத்தின் பிற்பகுதியிலும் 16ஆம் நூற்றாண்டிலும் ‘ஆஃப்’ செல்வாக்குடன் விளங்கியது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், மத்தேயு நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆவியானவருக்கும் சாத்தானுக்கும் முன் ‘ஆஃப்’ வருகிறது. 1946இல் வெளிவந்த திருத்தப்பட்ட புதிய ஏற்பாட்டில் அவ்விரண்டிடத்தும் ‘பை’ அமர்ந்துவிட்டது. இறையியல் ஏதும் மாறவில்லை. முன்னிடைச்சொல் மட்டுமே மாறியது. ஷேக்ஸ்பியரின் ‘குளிர்காலக் கதை’ நாடகத்தில், கரடி கிழித்துக் கொன்ற ஒருவனைப் பற்றிய பேச்சில் கரடிக்கு முன் ‘வித்’ வருகிறது. இன்றைய ஆங்கில வாசகருக்கு அது கரடியோடு சேர்ந்து கிழிந்தான் என்பது போல் ஒலிக்கும்.

‘பை’ வென்ற காரணத்தை அறிவது கடினமன்று. ‘ஆஃப்’ உடைமை, பகுதி, மூலம் என எண்ணற்ற பொருள்களைச் சுமந்து தளர்ந்திருந்தது. ‘வித்’ உடனிகழ்ச்சிக்கும் கருவிக்கும் உரியதாகிவிட்டது. வினைமுதலுக்கெனத் தனிச்சொல் ஒன்று தேவைப்பட்டது. ‘பிலவ்ட் ஆஃப்’ போன்ற உறைந்த தொடர்களில் மட்டும் பழைய ‘ஆஃப்’ எஞ்சியுள்ளது. ‘நோன் டு’, ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘சர்ப்ரைஸ்ட் அட்’, ‘கவர்ட் வித்’ போன்றவற்றில் வேறு முன்னிடைச்சொற்கள் ‘பை’யை எதிர்த்து நிற்கின்றன. இவற்றில் வரும் எச்சவடிவங்கள் பாதி வினை, பாதி பெயரடை. செயலைவிட நிலையைக் குறிப்பதனாலேயே இவை ‘பை’யை வேண்டுவதில்லை. எச்சவடிவம் வந்தவுடன் ‘பை’ எழுதும் மாணவர் பிழைசெய்வது இங்கேதான்.

தனித்து நிற்கும் முன்னிடைச்சொல்

‘ஹி வாஸ் லாஃப்ட் அட்’ என்னும் தொடர் தமிழ் மாணவரை மிகவும் திகைக்கவைப்பது. ‘அவனைப் பார்த்துச் சிரித்தனர்’ என்பதில் ‘பார்த்து’ என்னும் சொல்லைத் தொடரிறுதியில் அனாதையாக நிறுத்திவிட்டு அவனை எழுவாயாக்குவது போன்றது அது. மொழிகள் பலவற்றை நோக்கினால் இத்தகைய செயப்பாட்டுத் தொடர் அரிதே. நார்வேஜியம், ஸ்வீடியம் போன்ற ஸ்காண்டிநேவிய மொழிகளில் உண்டு. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவினரான ஜெர்மானியத்தில் இல்லை.

பழைய ஆங்கிலத்திலும் இது இல்லை. முன்னிடைச்சொல் தன் பெயரைப் பிரிந்து நிற்கும் வழக்கம் அங்கு உண்டு. ‘அவன்’, ‘அவர்கள்’ போன்ற மூவிடப்பெயர்கள் முன்னிடைச்சொல்லுக்கு முன்னரே வந்து அதனைப் பின்னிடைச்சொல் போலாக்குவதும் உண்டு. எனினும் செயப்பாட்டுத் தொடரில் அது நிகழவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஓரிரண்டாகத் தொடங்கி, 14ஆம் நூற்றாண்டு முதல் இவ்வழக்கு பெருகியது. வினைக்கு முன் நின்ற செயப்படுபொருள் பின்னே சென்றதும், வினையும் அதனை ஒட்டிய முன்னிடைச்சொல்லும் ஒரே வினையாக உணரப்பட்டதும் இதற்கு அடிப்படை. ‘லாஃப் அட்’ என்பது ‘எள்ளு’ என்பதற்கு நிகரான ஒரு வினையாயிற்று, எள்ளப்பட்டவன் எழுவாயானான். ‘டேக் கேர் ஆஃப்’ என்னும் முச்சொல் தொடரும் அவ்வாறே ஒட்டிப்போனது.

ஒட்டு முழுமையானதன்று. ‘திஸ் பெட் வாஸ் ஸ்லெப்ட் இன்’ என்பது இயல்பாக ஒலிக்கிறது. கலைந்த படுக்கை கண்முன் தெரிகிறது. ஆனால் உறங்குதலை ஓர் ஊரின்மீது ஏற்றி, அவ்வூரை எழுவாயாக்கினால் தொடர் தடுமாறுகிறது. செயலால் பாதிப்புற்ற பொருளே இங்கு எழுவாயாகத் தகும் என்பதை டுவைட் பொலிஞ்சர் 1970களில் தெளிவாக்கினார். ஆகவே இலக்கண வடிவம் இடங்கொடுத்தாலும் பொருள் இடங்கொடுக்க வேண்டும்.

1672இல் ஜான் டிரைடன், தொடரின் இறுதியில் முன்னிடைச்சொல்லை நிறுத்துவதைக் குறையாகக் கூறினார். லத்தீன் மரபின் செல்வாக்கால் அக்கருத்து பள்ளி விதியாகிப் பல தலைமுறை மாணவரை வாட்டியது. செயப்பாட்டுத் தொடரை மட்டும் அவ்விதியால் தொட இயலவில்லை. பெயரெச்சத் தொடர்களில் முன்னிடைச்சொல்லை முன்னே இழுத்துவிடலாம். ‘ஹி வாஸ் லாஃப்ட் அட்’ என்பதில் ‘அட்’ என்பதை இழுத்துச் செல்ல இடமே இல்லை. ‘லாஃப்ட் அட் பை தி பாய்ஸ்’ என்றால் இரண்டு முன்னிடைச்சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று தன் பெயரை எழுவாய்க்கு இழந்தது. மற்றொன்று முன்னாள் எழுவாயைத் தாங்குவது.

‘இஸ் பீயிங்’ எழுப்பிய சினம்

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீட்டை ஆங்கிலேயர் ‘தி ஹௌஸ் இஸ் பில்டிங்’ என்றனர். வடிவத்தில் அது செய்வினை. வீடு எதையும் கட்டாது என்பதால் மயக்கம் எழவில்லை. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது போலச் செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் ஏற்றிருப்பதை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் எழுவாய் இடத்தில் ‘ஹி’ வந்தால் நிலைமை வேறு. அடிக்கிறானா, அடிபடுகிறானா என்பது புரியாது. உயர்திணை மூவிடப்பெயர் வரும் இடத்தில் இத்தொடர் முறிந்தது.

அந்நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் ‘இஸ் பீயிங் பில்ட்’ என்னும் புதுவடிவம் கடிதங்களில் தோன்றியது. 1795இல் ராபர்ட் சதே எழுதிய கடிதமொன்றில், முரட்டு நாவிதன் ஒருவன் பல் பிடுங்குவதைக் கூறும் தொடர் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அதில் நாவிதனுக்கு முன் ‘பை’யும் உண்டு. அச்சுநூல்களில் இவ்வடிவம் பரவியபோது எதிர்ப்பும் வலுத்தது. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் 1860இல் வெளியிட்ட விரிவுரைகளில் இதனைக் கண்டித்தார். ரிச்சர்டு கிராண்ட் ஒயிட் 1870இல் வெளியிட்ட ‘சொற்களும் அவற்றின் பயன்பாடும்’ என்னும் நூலில் இதற்கென ஓர் இயலையே ஒதுக்கினார். ‘இஸ்’, ‘பீயிங்’ இரண்டும் ஒரே வினையின் வடிவங்கள். இருப்பது இருந்துகொண்டிருக்கிறது என்பது பொருளற்றது என்பது அவர் வாதம். தருக்கம் குறையற்றதே. மொழி அதனைச் செவிமடுக்கவில்லை. பழைய வழக்கின் எச்சமாக ‘ஹௌஸ் டு லெட்’ என்னும் அறிவிப்புப் பலகையும் ‘டு ப்ளேம்’ என்னும் தொடரும் எஞ்சியுள்ளன; இரண்டிலும் வடிவம் செய்வினை, பொருள் செயப்பாடு.

பொறுப்பும் மூவிடப்பெயரும்

20ஆம் நூற்றாண்டில் செயப்பாட்டு வினை அறநெறிக் குற்றச்சாட்டுக்கு உள்ளானது. 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘அரசியலும் ஆங்கில மொழியும்’ என்னும் கட்டுரை, செய்வினை இயலும் இடத்தில் செயப்பாட்டு வினையை ஆளலாகாது என்று விதித்தது. அக்கட்டுரையிலேயே செயப்பாட்டு வினைகள் நிறைந்திருப்பதைப் பின்வந்தோர் எண்ணிக் காட்டியுள்ளனர். ஜெஃப்ரி புல்லம் 2014இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, செயப்பாட்டு வினையைக் கண்டிப்போர் பலர் அதனை அடையாளம் காணவே அறியாதவர் என்பதைச் சான்றுகளோடு நிறுவியது. ‘விபத்து நேர்ந்தது’ என்பதும் செய்தவரைச் சொல்லாத தொடரே. அது செயப்பாட்டு வினையன்று.

தவறுகள் நிகழ்ந்துவிட்டன என ஆட்சியாளர் செயப்பாட்டு வினையில் ஒப்புக்கொள்வது இக்கண்டனத்திற்கு வழமையான எடுத்துக்காட்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன் 1987 ஜனவரியில் ஆற்றிய நாடாளுமன்ற உரையில் அத்தகைய தொடரை ஆண்டார். ஆனால் 1876 டிசம்பரில் யுலிசிஸ் கிராண்ட் தம் இறுதி ஆண்டறிக்கையில் அதே வினையை அதே செயப்பாட்டு வடிவில் எழுதி, அடுத்த சொற்களில் அதனைத் தாம் ஏற்பதாகத் தன்மை ஒருமையில் எழுதினார். வினையின் வடிவம் இருவருக்கும் ஒன்றே. அருகில் ஒரு ‘ஐ’ இருந்ததா என்பதிலேயே வேறுபாடு உள்ளது. கிராண்டின் அறிக்கையும் முழுப் பொறுப்பேற்பன்று. பிழைகளில் பெரும்பகுதியை அவர் தாம் தேர்ந்த உதவியாளர்களின் பக்கம் திருப்புகிறார். எனினும் செயப்பாட்டு வினை பொறுப்பை மறைத்தே தீரும் என்னும் முடிவுக்கு அவ்வாக்கியம் இடந்தரவில்லை.

அறிவியல் எழுத்தின் வரலாறும் இத்தகைய எச்சரிக்கையையே தருகிறது. லண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழை 1675 முதல் 1975 வரை ஆராய்ந்த டுவைட் அட்கின்சன், தொடக்ககாலக் கட்டுரைகளில் ஆய்வாளர் தன்மையிடத்தில் நின்று தாம் கண்டதைக் கூறினர் என்றும், பின்னர் பொருள்கள் எழுவாயாகிச் செயப்பாட்டு வினை பெருகியது என்றும் காட்டினார். கண்டவர் யார் என்பது நம்பகத்தின் அடிப்படையாக இருந்த காலத்தில் ‘ஐ’ தேவைப்பட்டது. எவர் செய்தாலும் அதே முடிவு வரவேண்டும் என்ற நிலை வந்தபோது அது விலகியது. 1953இல் மரபணு மூலக்கூறின் இரட்டைச்சுருள் வடிவத்தை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரை தன்மைப் பன்மையில் தொடங்குகிறது. மூலக்கூறின் அமைப்பை விவரிக்கும்போது பொருள்களே எழுவாயாகின்றன.

தமிழ் ஆய்வேடுகளில் நிலைபெற்றுள்ள ‘ஆய்வாளரால் இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது’ என்னும் தொடர் இவ்விரு மரபுகளில் எதனையும் பின்பற்றவில்லை. ஆங்கில அறிவியல் நடை ‘ஐ’யை நீக்கியபோது ‘பை மீ’யையும் சேர்த்தே நீக்கியது. தமிழ்த் தொடரோ வினைமுதலை மூன்றாம் வேற்றுமையில் வெளிப்படையாக வைத்துக்கொண்டு, அவர் எழுதுபவர்தாம் என்பதை மட்டும் படர்க்கைக்குள் ஒளித்துவைக்கிறது. ஆங்கிலச் செயப்பாட்டு வினையில் அரிதாகிய வினைமுதல், அதனைப் பின்பற்றியதாகக் கருதப்படும் தமிழ் நடையில் கட்டாய உறுப்பாகியிருப்பது எப்போது, எந்தப் பாடநூல் வழி நிகழ்ந்தது என்பது 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகளிலிருந்து தொடங்கித் தனியே ஆராயத்தக்கது.